கைக்குழந்தையோடு பஜனைக் குழுப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துப் பஜனைக் குழுக்கள் தைப்பூசக் காவடிக்கும் ஆடி மாதக் கூழுக்கும் வெளியூர்க் கோயில்களில் பாடப் போவது வழக்கம். சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பஸ் ஏறினால் பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜொஹானஸ்பர்க் பக்கத்து லெனேசியா, பிரிட்டோரியா பக்கத்து லாடியம் என்று நீளும். எங்கள் குழுவுக்குப் பஸ் பேசுவதும் தங்க இடம் பார்ப்பதும் என் வேலை. குழுவில் யாருக்காவது குழந்தை பிறந்துவிட்டால் போதும், அதே சந்தேகங்கள் வரிசையாகப் போனில் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

குழந்தைக்கு எத்தனை மாசம் ஆனா வெளியூர் கூட்டிட்டுப் போகலாம்?

இத்தனை மாதம் என்று சட்டம் எதுவும் இல்லை. நான் தடுப்பூசி அட்டவணையை வைத்துத்தான் கணக்குப் போடுவேன். இந்த நாட்டில் பிறந்தவுடன் ஒரு சுற்று, பிறகு 6, 10, 14 வாரங்களில் ஊசி. கக்குவான் இருமலுக்கான பாதுகாப்பு இந்த மூன்று சுற்றில்தான் சேர்ந்துகொண்டு வருகிறது. தட்டம்மை ஊசி 6 மாதத்தில்தான் தொடங்கும். அரசு கிளினிக்கில் எல்லாம் இலவசம்.

அதனால் என் கணக்கு இது: அரை மணி நேரத்தில் வீடு திரும்பக்கூடிய உள்ளூர்க் கோயில் என்றால் 6 வார ஊசிக்குப் பிறகு, இரவு தங்க வேண்டிய ஜொஹானஸ்பர்க் பயணம் என்றால் 14 வார ஊசி முடிந்த பிறகு. போகிற ஊரில் தட்டம்மை பரவுவதாகச் செய்தி வந்தால், 6 மாதம் ஆகாத குழந்தையை வீட்டில் வைத்திருப்பதுதான் நல்லது. குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தக் கணக்கு செல்லாது, டாக்டர் சொல்வதுதான் கணக்கு. சிசேரியன் ஆன தாய்க்கும் அப்படியே. குழந்தை தயாராக இருந்தாலும், எட்டு மணி நேரம் உட்கார அம்மாவின் உடம்பு தயாராக இருக்காது.

இன்னும் நாப்பது நாள் ஆகல. ஆயா கூடவே கூடாதுங்கறாங்க. என்ன சொல்லி சமாளிக்கறது?

சமாளிக்க வேண்டாம், ஆயா சொல்வதைக் கேளுங்கள். தீட்டு என்று அவர் சொல்வதை நீங்கள் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், முதல் ஆறு வாரம் தாயும் பிள்ளையும் கூட்டத்திலிருந்து விலகி இருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகான வாரங்களில் காலில் இரத்தம் உறைகிற ஆபத்து அதிகம். நீண்ட நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்வது அதற்கு நல்லதல்ல. அடுத்த பயணத்துக்கு வாருங்கள். உங்கள் இடம் அங்கேயேதான் இருக்கும்.

பஸ்ஸுல கார் சீட் கட்டாயமா? மடியிலேயே வெச்சுக்கக் கூடாதா?

2015 மே மாதம் முதல், 3 வயதுக்குக் குறைந்த குழந்தையைக் காரில் கார் சீட்டில்தான் உட்கார வைக்க வேண்டும் என்பது சட்டம். கட்டணம் வாங்கி ஓடும் மினிபஸ், பஸ் போன்றவற்றுக்கு இதில் விலக்கு உண்டு. 'விலக்கு இருக்கே' என்று எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக மோதலின் வேகம் குறைந்துவிடாது. நெடுஞ்சாலை வேகத்தில் பஸ் சட்டென்று நின்றால் எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்துவைக்க முடியாது. உங்கள் பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்து மாட்டிக்கொள்வது அதைவிட மோசம், உங்கள் எடை முழுவதும் அதன்மேல் விழும்.

பஸ் பேசும்போதே 'சீட்டுக்கு சீட் பெல்ட் உண்டா, எந்த மாதிரி பெல்ட்?' என்று கேளுங்கள். சில கார் சீட்டுகளை இடுப்பு பெல்ட்டிலேயே மாட்டலாம், சிலவற்றுக்குத் தோள் பெல்ட்டும் வேண்டும். உங்களுடையது எது என்று அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும். முடிந்தால் கிளம்புவதற்கு முந்தின நாளே பஸ்ஸில் மாட்டிப் பாருங்கள். குழந்தையின் முகம் பஸ்ஸின் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். பெல்ட்டே இல்லாத பஸ் என்றால், பெற்றோர் தங்கள் காரில் பின்னால் வரட்டும். பெட்ரோல் செலவைக் குழு ஏற்கட்டும். இன்னொன்று: மாமா தன் சொந்தக் கொம்பி வேனில் சும்மா கூட்டிப்போகிறார் என்றால் அது கட்டண வண்டி இல்லை, அந்த விலக்கும் அதற்குக் கிடையாது.

கார் சீட்டுல கத்துது. பஸ் கம்பியில சேலையைக் கட்டித் தூளி போட்டுடலாமா?

கூடாது. மேலே மடியைப் பற்றிச் சொன்னதெல்லாம் தூளிக்கு இரண்டு மடங்கு பொருந்தும். பஸ் வளைவில் திரும்பும்போது தூளி எங்கே போய் இடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பஸ் நின்ற பிறகு தூக்குங்கள், நடங்கள், தோளில் போட்டுத் தட்டுங்கள். ஓடும்போது சீட்டில்தான். பாட்டுக்காரர்கள் பஸ்தானே, பக்கத்தில் ஒருவர் மெதுவாகப் பாடினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

டர்பன்ல இருந்து ஜோபர்க் வரைக்கும் எத்தனை தடவை நிறுத்தணும்? டிரைவர் முணுமுணுக்கறார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. கைக்குழந்தை அதற்குமேல் தொடர்ந்து கார் சீட்டில் சுருண்டு கிடக்கக் கூடாது. தலை முன்னால் கவிழ்ந்து மூச்சுக்குத் தடை வரலாம். ஜொஹானஸ்பர்க் வரை என்3 சாலையில் தூரம் 570 கிலோமீட்டர் போல. பஸ்ஸுக்கு வேக வரம்பு 100 என்பதால் ஓட்டம் மட்டுமே ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. எஸ்ட்கோர்ட்டில் ஒன்று, ஹாரிஸ்மித்தில் ஒன்று, வில்லியர்ஸ் பக்கம் ஒன்று என்று மூன்று நிறுத்தம் வையுங்கள். ஹாரிஸ்மித் ஏறக்குறைய பாதி வழி. அங்கே நல்ல கழிப்பறையும் உட்கார்ந்து பால் கொடுக்க இடமும் கிடைக்கும், அதனால் அதை மட்டும் நீண்ட நிறுத்தமாக வைப்போம். மொத்தத்தில் எட்டரை மணி நேரம் என்று எழுதிவிட்டால், டிரைவரும் முணுமுணுக்க மாட்டார், கோயிலில் காத்திருப்பவர்களும் பதற மாட்டார்கள்.

மாலைக் கச்சேரிக்கு அன்று காலையில் கிளம்பும் திட்டம் குழந்தை இருக்கும் குழுவுக்கு ஆகாது. முந்தின நாளே போய்விடுங்கள்.

மலை ஏறும்போது காது அடைச்சு அழுமா?

அழலாம். டர்பன் கடல் மட்டம், ஜொஹானஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டிய ஏற்றத்திலும் வான் ரீனன் கணவாயிலும் பெரியவர்களுக்கே காது அடைக்கும். விழுங்கினால் திறந்துகொள்ளும். அந்த நேரத்துக்கு சூப்பானோ பாட்டிலோ கையில் இருக்கட்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை என்றால் ஏற்றத்துக்கு முன் நிறுத்திக் கொடுத்துவிட்டு, ஏறும்போது சுத்தமான விரலைச் சப்பக் கொடுக்கலாம். சளி பிடித்திருந்தால் வலி அதிகமாக இருக்கும்.

ஆடி மாசம் போறோம். எவ்வளவு துணி எடுக்கணும்?

நம் ஊர் ஆடி, தென்னாப்பிரிக்காவின் நடுக்குளிர். டர்பனில் ஒரு ஸ்வெட்டரோடு போய்விடும், ஹாரிஸ்மித்தில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். நீங்கள் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூட, அதுவும் மெல்லிய அடுக்குகளாக. ஆனால் கார் சீட்டில் உட்கார வைக்கும்போது தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள். பெல்ட் ஜாக்கெட்டைத்தான் பிடிக்கும், குழந்தையைப் பிடிக்காது. பெல்ட்டை மாட்டிய பிறகு மேலே போர்வை போர்த்தலாம்.

துணியைவிட முக்கியம், வழியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பது. 2024 செப்டம்பரில் வான் ரீனன் பக்கம் கொட்டிய பனியில் என்3 மூடப்பட்டு, ஏராளமானோர் இரவெல்லாம் வண்டியிலேயே கிடந்தார்கள். செப்டம்பர் என்றால் குளிர் முடிந்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைப்போம். ஆகவே ஒரு முழு நாளுக்கான பால், நாப்பி, போர்வை, வெந்நீர் ஃபிளாஸ்க் எல்லாம் பஸ்ஸுக்குள்ளேயே, கைக்கெட்டும் பையில் இருக்க வேண்டும். தபேலாவோடும் ஹார்மோனியத்தோடும் சேர்த்து டிரெய்லரில் போட்டுவிட்டால் பனியில் இறங்கித்தான் எடுக்க வேண்டும்.

பால் கெட்டுப் போகாம எப்படி எடுத்துட்டுப் போறது?

பிழிந்த தாய்ப்பால் சாதாரண அறைச் சூட்டில் 4 மணி நேரம் தாங்கும், ஐஸ் கட்டிகள் வைத்த கூலர் பையில் ஒரு நாள் தாங்கும். மாவுப் பாலைக் கலந்து எடுத்துப் போகாதீர்கள். அளந்த மாவைத் தனித்தனி டப்பாவிலும், கொதிக்க வைத்த நீரை ஃபிளாஸ்க்கிலும் கொண்டுபோய் அப்போதைக்கப்போது கலக்குங்கள். மாவில் கிருமி இருக்கக்கூடும் என்பதால் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டு நீரில் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். குடித்து மிச்சம் வைத்ததை ஒரு மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.

ஆறு மாதம் வரை தண்ணீர், ரூய்போஸ் டீ, ஓமத் தண்ணீர் எதுவும் தேவையில்லை. பஸ்ஸில் பத்துப் பேர் பத்து யோசனை சொல்வார்கள். சிரித்துத் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள்.

நாதஸ்வரம், தவில் சத்தம் பிள்ளை காதுக்கு ஆகுமா?

கிட்டத்தில் ஆகாது. பெரியவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே 85 டெசிபல், 8 மணி நேரம் என்பதுதான் பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி நேரம், 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் கால் மணி நேரம். கைக்குழந்தைக்கு இதைவிடக் குறைவாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மீட்டர் இல்லாமல் கண்டுபிடிக்க ஒரு வழி: கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் 85-ஐத் தொட்டாயிற்று. தவில்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு யாரிடமாவது பேசிப் பாருங்கள், புரியும்.

பலர் தவிலை மட்டும் பயந்துவிட்டு ஜால்ராவை மறந்துவிடுவார்கள். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, அதன் தலைக்கு ஒரு சாண் தள்ளி ஜால்ரா தட்டும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்த உச்ச ஒலி நேராகக் காதில் இறங்கும். பிள்ளை மடியில் இருந்தால் வாய்ப்பாட்டு மட்டும் பாடுங்கள், தாளத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். மேடையில் பாடகர்களைப் பார்த்து வைத்திருக்கும் சின்ன ஸ்பீக்கர் பக்கமும் வேண்டாம்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் போலக் குறையும். தகரக் கூரை மண்டபத்தில் அவ்வளவு குறையாது, சுவரில் பட்டுத் திரும்பி வரும். அதனால் மண்டபம் என்றால் கடைசி வரிசை போதாது, வாசலுக்கு வெளியே போக வேண்டும். குழந்தைகளுக்கென்றே காதுமூடி விற்கிறார்கள், வெளியூர் போகும் குழு ஒன்றை வாங்கிப் பெட்டியில் போட்டு வைக்கலாம். பஞ்சு வைப்பதில் பயனில்லை. சத்தத்தை அது தடுக்காது, உதிர்ந்தால் வாய்க்குள் போகும்.

நான் மேடையில இருக்கும்போது பிள்ளையை யார் பார்த்துப்பாங்க?

இத்தனை கேள்வியிலும் முக்கியமானது இதுதான், ஆனால் பஸ் ஏறிய பிறகுதான் கேட்கிறார்கள். 'நாங்கல்லாம் இருக்கோமே' என்று குழுவில் எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று அர்த்தம். பாட்டுத் தொடங்கியதும் ஒருவர் மைக்கைச் சரிசெய்யப் போவார், ஒருவர் வீடியோ எடுப்பார், பிள்ளை ஏதோ ஒரு அத்தை கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஒரு பெயரை எழுதுங்கள். அந்த மாலை பாடாத, வாசிக்காத ஒருவராக இருக்க வேண்டும். அப்பா தபேலா வாசிப்பவர் என்றால் அப்பா அந்த ஆள் இல்லை. எங்கள் குழுவில் பஸ் கதவுக்குள் பக்கம் ஒரு தாளை ஒட்டிவிடுவோம். மணி, பாட்டு, பிள்ளை யாரிடம் என்று மூன்று கட்டம்தான். '6:15 பால். 6:45 முதல் 7:30 வரை அம்மா மேடையில். பிள்ளை பெரியம்மாவிடம், சமையல்கட்டுப் பக்க அறை.' இந்தத் தாள் வந்த பிறகு என் போன் பாதி அமைதியாகிவிட்டது.

பிள்ளைக்காரியின் பாட்டை நிகழ்ச்சியின் முதல் பாதியில் வையுங்கள். சின்னக் குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் கேட்கும். பால் கொடுத்துவிட்டு மேடையேறினால் முக்கால் மணி நேரம் நிம்மதியாகப் பாடலாம். கடைசிப் பாட்டாக வைத்தால் மங்களத்துக்குள் அவள் புடவை நனைந்துவிடும்.

நடுவுல அழுதா என்ன பண்றது? வெளியில போனா மரியாதைக் குறைவா?

வெளியே போங்கள். கோயில் பஜனையில் குழந்தை அழுவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பதிவு செய்யும் நிகழ்ச்சி என்றால் முதலிலிருந்தே வெளியில் இருங்கள்.

கோயில்ல பஞ்சாமிர்தத்தைத் தொட்டு நாக்குல வெச்சாங்க. கொஞ்சம்தானே, பரவாயில்லையா?

பஞ்சாமிர்தத்தில் தேன் உண்டு. ஒரு வயது ஆகும்வரை தேன் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் ஆஸ்பத்திரிதான். ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள் என்றால் பதற வேண்டாம். அடுத்த சில வாரங்கள் மலச்சிக்கல், பால் சப்புவதில் தளர்ச்சி, அழுகுரல் மெலிதல், இமை தொங்குதல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் உடனே டாக்டரிடம் போய்த் தேன் கொடுத்ததைச் சொல்லுங்கள். ஐயர் பிரசாதம் நீட்டினால் நீங்கள் வாங்கி நீங்களே சாப்பிடுங்கள். பிள்ளை நெற்றியில் திருநீறு போதும், அதுவும் கண்ணில் உதிராதபடி லேசாக.

கற்பூரம் இதைவிடக் கவனம். வில்லையை விழுங்கினால் சிறு அளவிலேயே குழந்தைக்கு வலிப்பு வரும். பூஜைப் பையும் பிள்ளைப் பையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது. சளிக்கு என்று கற்பூரம் காய்ச்சிய எண்ணெயை நெஞ்சில் தடவும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கடையில் விற்கும் கற்பூரத் தைலங்களிலேயே 2 வயதுக்குக் கீழே வேண்டாம் என்று போட்டிருப்பார்கள். தீமிதி நடக்கும் இடத்தில் குழி பக்கம் புகையும் சூடும் அதிகம், அங்கே பிள்ளைக்கு வேலையே இல்லை.

எல்லாரும் தூக்கிக் கொஞ்சறாங்க, முத்தம் குடுக்கறாங்க. பெரியவங்களை எப்படி வேண்டாம்னு சொல்றது?

நீங்கள் சொல்ல வேண்டாம், தாளில் பெயர் எழுதியிருக்கிறதே, அவர் சொல்லட்டும். 'டாக்டர் சொல்லியிருக்கார்' என்று அவர் சொன்னால் யாருக்கும் மனம் கோணாது. முத்தத்தை மட்டும் விடாப்பிடியாக மறுக்க வேண்டும். உதட்டுப் புண்ணோ இருமலோ உள்ளவர் கொடுக்கும் ஒரு முத்தம் முதல் மூன்று மாதக் குழந்தையைப் பெரிய ஆபத்தில் தள்ளும். காலைத் தொட்டுக் கும்பிடச் சொல்லுங்கள். குழந்தை முருகனாயிற்றே என்று சந்தோஷமாகத் தொடுவார்கள்.

ராத்திரி தங்கற வீட்ல தொட்டில் இல்ல. எங்க படுக்க வைக்கறது?

மடக்குக் கட்டில் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் தரையில் உறுதியான மெத்தை, விரித்த துணி சுருக்கமில்லாமல், தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்க வையுங்கள். சோபாவில் பிள்ளையோடு தூங்கிவிடாதீர்கள். கச்சேரிக் களைப்பில் அதுதான் நடக்கும்.

லெனேசியா வீடுகளில் குளிருக்குக் கேஸ் ஹீட்டரோ பாரஃபின் ஹீட்டரோ வைப்பார்கள். தூங்கப் போகும்முன் அணைத்துவிடச் சொல்லுங்கள். மூடிய அறையில் அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு வாயு உயிருக்கே ஆபத்து, அதற்கு மணமும் கிடையாது. அறையைச் சூடாக்கிவிட்டு அணைத்து, பிறகு பிள்ளைக்கு ஓர் அடுக்குத் துணி கூடப் போட்டால் போதும்.

வழியில காய்ச்சல் வந்தா?

3 மாதம் ஆகாத குழந்தைக்கு 38 டிகிரி தொட்டாலே நேராக மருத்துவமனைக்கு. மருந்து கொடுத்துப் பார்ப்போம், நிகழ்ச்சி முடியட்டும் என்பதெல்லாம் கூடாது. பெரிய குழந்தை என்றாலும் பால் மறுத்தால், மூச்சு இழுத்தால், எழுப்பினால் கண் திறக்காவிட்டால் அப்படியே. ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112. 'ரோட் டு ஹெல்த்' தடுப்பூசிப் புத்தகத்தைக் கட்டாயம் பையில் வையுங்கள். எந்த ஊர் டாக்டரும் முதலில் அதைத்தான் கேட்பார்.

குழுவுல ரெண்டு பேர் குழந்தை வந்தா நாங்க வரலைங்கறாங்க. கார் சீட்டுக்குத் தனி சீட் காசு வேற கேக்கறாங்க.

இரண்டும் வேறு வேறு வழக்கு. காசு விஷயத்தில் என் கட்சி தெளிவு: மிருதங்கத்துக்கும் ஹார்மோனியத்துக்கும் இடம் தருகிறோம், யாரும் காசு கேட்பதில்லை. குழந்தையின் சீட்டையும் மொத்தக் கணக்கில் சேர்த்துப் பிரித்துவிடுங்கள், ஆளுக்குச் சில ராண்டுதான் வரும்.

வர மாட்டோம் என்பவர்களிடம் காரணத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் குழந்தை மேல் கோபம் இருக்காது. போன தடவை தாமதமாகப் போய்ச் சேர்ந்ததும், ராத்திரி தூக்கம் கெட்டதும்தான் இருக்கும். முந்தின நாளே கிளம்புவது, பிள்ளைக்காரிக்குத் தனி அறை, பஸ்ஸில் முன்வரிசை என்று எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டினால் பாதிப் பேர் சமாதானம் ஆவார்கள். மீதிப் பேர் வராவிட்டால் போகட்டும். ஒரு குரல் குறைந்தால் பஜனை நின்றுவிடாது, ஆனால் பிள்ளை பெற்றவளை விட்டுவிட்டுப் போனால் அவள் திரும்பி வராமலே போய்விடுவாள். இளம் குரல்கள் நமக்கு ஏற்கெனவே குறைவு.

மொரிஷியஸ் கோயில்ல பாடக் கூப்பிட்டிருக்காங்க. அப்பாவுக்கு லீவு இல்ல. நானும் பிள்ளையும் மட்டும் குழுவோட போகலாமா?

போகலாம், காகிதம் சரியாக இருந்தால். குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது 5 வருடம் செல்லும். பெற்றோர் இருவர் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பழைய சுருக்கச் சான்றிதழ் போதாது. அப்பா வராததால் அவருடைய சம்மதக் கடிதம், பிரமாணம் செய்து கையெழுத்திட்டது, அவருடைய அடையாள அட்டைப் பிரதி, தொடர்பு எண் மூன்றும் கையில் இருக்க வேண்டும். குழுத் தலைவர் பையில் இருந்தால் போதாது. குடிவரவு கவுன்ட்டரில் தனித்தனியாகத்தான் நிறுத்துவார்கள்.

விமானத்தில் காது அடைப்புக்கு, மலை ஏற்றத்துக்குச் சொன்னதேதான். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுக்கலாம், இறக்கம் தொடங்கியதும் தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடுங்கள். உள்துறை அலுவலகத்தில் வரிசை நீளம், ஆகவே பிறப்புச் சான்றிதழுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே விண்ணப்பியுங்கள்.